யார் பக்கத்தில் உட்கார வைப்பது

பரீட்சை முடிந்து மே மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் முகமே மாறிவிடும். பேருந்து நிலையத்திலிருந்து ரேஷன் கடை வரைக்கும் ஃப்ளெக்ஸ் பலகைகள். பத்தாம் வகுப்பில் 490-க்கு மேல் எடுத்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், அவற்றுக்கு நடுவே தாளாளர் கைகூப்பி நிற்கும் பெரிய படம். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளேயிருந்து நாலு வண்ண நோட்டீஸ் நழுவி விழும். எல்.கே.ஜி. முதல் அட்மிஷன் நடைபெறுகிறது. வேன் வசதி உண்டு, ஸ்மார்ட் கிளாஸ் உண்டு, அபாகஸ் உண்டு, சிலம்பம் உண்டு. மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே கைவிட்டது. பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தெருவில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் மட்டும் இன்னும் நின்றபாடில்லை.

மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த மாதம் முழுக்கப் பேச்சு ஒன்றுதான். எங்கே சேர்க்கப் போகிறீர்கள்? பால்காரர் கேட்பார், ஊரிலிருந்து போனில் பெரியம்மா கேட்பார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது அறிமுகமே இல்லாதவர் கேட்பார். பதில் சொல்ல முடியாத தகப்பன் தலையைச் சொறிவான். வளையலை அடகு வைத்து முதல் டேர்ம் ஃபீஸைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தவர்களையும் தெரியும். அப்படிப் பணம் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் பேராசைக்காரர்கள் இல்லை. தாங்கள் பட்டதைப் பிள்ளை படக் கூடாது என்று நினைப்பவர்கள், அவ்வளவுதான். ஆகவே இந்தத் தேர்வை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது.

பெற்றோர் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வேன் வீட்டு வாசலுக்கு வருமா என்று கேட்கும் தாய், ஸ்பின்னிங் மில்லில் காலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்புகிறவள். பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆள் கிடையாது. ஆயாம்மா எப்படி என்று விசாரிப்பவளுக்குக் கழிவறைக்குப் போகத் தானாகச் சொல்லத் தெரியாத பிள்ளை. பக்கத்து அரசுப் பள்ளியில் எத்தனை டீச்சர் என்று கேட்டுவிட்டு, ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர் என்று தெரிந்ததும் திரும்பிப் போகிறவர் மீது என்ன குற்றம் சொல்ல முடியும்?

ஆங்கிலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நேர்காணலுக்குப் போய், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற ஒற்றை ஆங்கிலக் கேள்விக்கு வாயடைத்து நின்ற இளைஞன் இன்று ஒரு மூன்று வயது மகனுக்குத் தகப்பன். வேலை அவனுக்குத் தெரியும். லேத் மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான். அன்று அவனுக்குக் கிடைக்காமல் போன நாற்காலி இன்றும் அவன் கண்முன் நிற்கிறது. எல்.கே.ஜி. வாசலில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மகனுக்காக நிற்பதாகத்தான் அவன் நினைக்கிறான். ஆனால் உள்ளே சேர்க்க விரும்புவது அந்த நேர்காணல் அறையில் தலைகுனிந்து நின்ற இளைஞனை. நம்மில் பலர் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது நம் பழைய காயம் ஒன்றுக்குத்தான் மருந்து தேடுகிறோம். மகனுக்கு அந்தக் காயமே இல்லை என்பதும், அவனுக்கு வேண்டியது வேறாக இருக்கலாம் என்பதும் அந்த வரிசையில் நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

சரி, பார்க்க வேண்டியதை எப்படிப் பார்ப்பது? ஒரு சென்ட் நிலம் வாங்குவதென்றாலும் மூலப் பத்திரம் பார்க்கிறோம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு வில்லங்கச் சான்று எங்கேயும் கிடைக்காது. பெயின்ட் அடித்த கேட் தெரியும், யூனிபார்ம் தெரியும், டையும் பெல்ட்டும் தெரியும். கழித்தலில் கடன் வாங்குவது புரியாமல் விழிக்கும் பிள்ளையின் பக்கத்தில் டீச்சர் குனிந்து உட்காருகிறாரா, ஸ்கேலை எடுக்கிறாரா என்பது தெரியாது. ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்பது அந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது. அந்த நிமிஷத்தில் பெற்றோர் கேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்துக்குள் நடந்துவந்த பள்ளிகளில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையல் கொட்டகையில் பற்றிய நெருப்பு கூரைக்குத் தாவியது. தப்பி ஓட அங்கே சரியான வழியே இல்லை. காலையில் தலைசீவி அனுப்பிய தாய்மார்களுக்குக் கீற்றுக் கூரையும் மாடிப்படியும் தெரியாமல் இருந்திருக்காது. பள்ளி என்று அரசு அனுமதித்த இடத்தில் ஆபத்து இருக்காது என்று நம்பினார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பெற்றோரால் தனித்தனியாகப் பார்த்துவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது கண்ணில் படாதபோது, படுவதை வைத்து முடிவெடுக்கிறோம். கண்ணில் முதலில் படுவது கேட்டும் கட்டடமும்கூட இல்லை. அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான். ‘டாக்டர் பசங்க எல்லாம் அங்கதான் படிக்கிறாங்க’ என்ற ஒரு வாக்கியம் நூறு நோட்டீஸுக்குச் சமம். ‘அங்க எல்லா மாதிரிப் பசங்களும் வருவாங்க’ என்ற இன்னொரு வாக்கியம் ஒரு பள்ளியை ஒரே மூச்சில் பட்டியலிலிருந்து அடித்துவிடும். ‘எல்லா மாதிரி’ என்பதற்குள் எந்தத் தெரு இருக்கிறது, எந்தச் சாதி இருக்கிறது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ண வேண்டாம். நியூயார்க் நகரத்துப் பெற்றோர் உயர்நிலைப் பள்ளிகளை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்று பொருளாதார அறிஞர் பராக் பாதக்கும் அவருடன் மூவரும் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் நிறைந்த பள்ளியைப் பெற்றோர் நாடுகிறார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வருகிற பிள்ளையை உண்மையில் உயர்த்திவிடும் பள்ளிக்குப் பெற்றோரிடம் தனியாக எந்த ஈர்ப்பும் இல்லை. நல்ல வாத்தியாரைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு நல்ல சகவாசத்தைத் தேடுகிறோம்.

நம் பக்கத்திலேயே வேறொரு சோதனையும் நடந்தது. ஆந்திரத்தில் ஐந்து மாவட்டங்களில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, 2008 முதல், விண்ணப்பித்த ஏழைப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கலில் எடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வு அது. நாலு வருஷம் கழித்துப் பார்த்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் குலுக்கலில் வென்ற பிள்ளைக்கும் தோற்ற பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளிகள் அந்த இரண்டு பாடங்களுக்கும் குறைந்த நேரத்தையே செலவிட்டு, இந்தி போன்ற பாடங்களுக்கும் நேரம் ஒதுக்கின. இந்தியில் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் முன்னேறினார்கள். அரசு ஒரு பிள்ளைக்குச் செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் அவை இதைச் செய்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும், வளையல் அடகுக்குப் போகும்போது எந்தத் தாயும் இந்த முடிவை எதிர்பார்த்துப் போவதில்லை. தனியார் பள்ளிப் பிள்ளை கெட்டிக்காரனாகத் தெரிவதில் பெரும்பகுதி அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

நமக்கு வேண்டியது பாடம்தான் என்றால், 2010-க்குப் பிறகு தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளை நோக்கிய ஓட்டம் குறைந்திருக்க வேண்டும். அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியன்டல் என்று நாலு தடங்கள் இருந்தன. சமச்சீர்க் கல்விச் சட்டம் அவற்றை ஒன்றாக்கியது. வழக்குகள் நடந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. மெட்ரிக் பள்ளிப் பிள்ளையின் பைக்குள்ளும் ஊராட்சிப் பள்ளிப் பிள்ளையின் பைக்குள்ளும் ஒரே பாடத்திட்டம் வந்தது. 2012 வாக்கில் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் பரவலாகத் திறந்தன. பாடமும் ஒன்று, மொழியும் கிடைக்கிறது. அதன் பிறகு என்ன நடந்தது? வசதி உள்ளவர்கள் சி.பி.எஸ்.இ. பலகையைத் தேடிப் போனார்கள். ஊர்தோறும் மெட்ரிக் போர்டுகளுக்குப் பக்கத்தில் புது போர்டுகள் முளைத்தன. வித்தியாசம் அழிந்த இடத்தில் இன்னொரு வித்தியாசத்தைப் போய் வாங்கினோம். நாம் இத்தனை காலமும் பணம் கொடுத்து வாங்கியது எதை என்று எனக்கு அப்போதுதான் தெளிவாகப் புலப்பட்டது.

இந்தத் தேர்வு ஒரே வீட்டுக்குள் நடக்கும்போது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். எனக்குப் பழக்கமான ஒரு தலைமை ஆசிரியை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவருடைய அறையில் உட்கார்ந்திருந்தேன். அறை என்றால் தனி அறை இல்லை, மூன்றாம் வகுப்பின் ஒரு மூலையில் பீரோவை மறைப்பாக நிறுத்தியிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டும் ஒருவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. பையனுக்கு டி.சி. வேணும்.”

“உக்காருங்க. எங்க சேர்க்குறீங்க?”

அவர் பள்ளியின் பெயரைச் சொன்னார். ரோட்டு மேலே இருக்கும் மெட்ரிக் பள்ளி.

“பாப்பா?”

“அது இங்கயே இருக்கட்டும் டீச்சர். பொம்பளப் புள்ள, கண்ணு முன்னாடி இருந்தா எங்களுக்கும் நிம்மதி. ஆறாவதுலேர்ந்து கவர்மென்டுலயே படிச்சா காலேஜுக்குப் போறப்ப மாசம் ஆயிரம் ரூவா தர்றாங்கல்ல.”

புதுமைப் பெண் திட்டத்தை அவர் சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தார். ஆசிரியை மறுபேச்சுப் பேசவில்லை. கேட்டவுடன் மாற்றுச் சான்றிதழைத் தர வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, அங்க அடையாளத்தைச் சரிபார்த்து எழுதத் தொடங்கினார். நாலாம் வகுப்புப் படிக்கும் அக்கா தம்பியின் பையையும் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தாள். தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்டாள்: “அந்த ஸ்கூல்ல ஊஞ்சல் இருக்காமே டீச்சர்?” இருக்கும்டா என்றார் ஆசிரியை, நிமிராமல்.

அந்தத் தகப்பனுக்கு மகளின் மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கையில் இருந்தது ஒரு பிள்ளைக்கான பணம். அதை யாருக்குப் போடுவது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் பதில் பிள்ளை பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரைக்கும் மூவர். 91 முதல் 120 வரைக்கும் நால்வர். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் முதல் தேதி நிலவரப்படி தலைகளை எண்ணி, கூடுதலாக இருக்கும் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். பணிநிரவல் என்று பெயர். அந்த ஜூனில் டி.சி. வாங்கிப் போனது அவர் மட்டுமில்லை, இன்னும் சில பேர். அறுபதைத் தாண்டி நின்ற எண்ணிக்கை கீழே இறங்கியது. மூன்றாவது ஆசிரியை பக்கத்து ஒன்றியத்துக்குப் போனார். நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். மிஞ்சிய இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியை. அவருக்குக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம், வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், சத்துணவுக் கணக்கு.

மகனுக்கு நல்ல பள்ளி வாங்கிய அந்தத் தகப்பன், தெரியாமலேயே மகளுக்கு இருந்த ஒரு ஆசிரியையை எடுத்துவிட்டார். பதிவேட்டின் ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை இருப்பதை அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் அவர் ஒருவர் டி.சி.யைத் திருப்பிக் கொடுத்து ஆகப்போவதும் இல்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள்.

என் பிள்ளை, என் பணம், என் விருப்பம் என்று நாம் சொல்கிறோம். பள்ளியைப் பொறுத்தவரை அப்படி ஒரு தனி விருப்பம் கிடையாது. எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொரு பள்ளியில் ஒரு இடம் காலியாகிறது. அந்தக் காலி இடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் படிப்பைத் தொடுகிறது. ஆந்திர ஆய்வில், விலகியவர்களால் மீந்தவர்களின் மதிப்பெண் குறையவில்லை என்றே கண்டார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே குலுக்கலில் போனவர்கள் ஏழைகள்தான், தங்கியவர்களும் அவர்களைப் போன்ற ஏழைகள்தான். நம் ஊர்களில் நாற்பது வருஷமாக நடந்துவருவது குலுக்கல் இல்லை. முதலில் ஊரின் பெரிய வீடுகள் போயின. பிறகு அரசு ஊழியர்கள் போனார்கள். பிறகு மளிகைக் கடைக்காரர், தையல்காரர், டிரைவர். அரசுப் பள்ளி ஆசிரியர்களில் பலரே தம் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்ப்பது ஊரறிந்த செய்தி. தண்ணீர்த் தொட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று அலுவலகத்துக்குப் போய்ச் சத்தமாகக் கேட்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்கு வரும் தாய், எச்.எம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்ச நேரமாவது வேலைக்குப் போகலாமா என்றுதான் பார்ப்பாள்.

2011-இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார். நாடு முழுக்க அது செய்தியானது. அவர் செய்தது எனக்கு இன்றும் மரியாதைக்குரியது. ஒரு அரசு அதிகாரி அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தது செய்தியாகும் அளவுக்கு நாம் பிரிந்துபோயிருக்கிறோம் என்பதுதான் என்னை வருத்துகிறது. அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வைக்க வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்துக்கு ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே தன் அறிக்கையில் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் சாதி, பணம் என்ற வேறுபாடின்றி அங்கிருக்கும் அருகமைப் பள்ளிக்கு வர வேண்டும் என்றது. அந்த அறிக்கை வந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்.

பிரித்து வளர்த்தால் பிள்ளைக்கு நல்லது என்று நம்புகிறோம். எத்தனை காலம் பிரித்து வைக்க முடியும்? ரோட்டு மேலே இருக்கும் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு நாளைக்குக் காய்ச்சல் என்றால் ஊசி போடும் நர்ஸ் ஊராட்சிப் பள்ளியில் படித்தவளாக இருப்பாள். அவன் பைக்கை நிறுத்தும் போலீஸ்காரர், கரன்ட் போனால் கம்பத்தில் ஏறும் லைன்மேன், பட்டாவுக்குக் கையெழுத்துப் போடும் வி.ஏ.ஓ., அவன் மகளுக்கு வகுப்பெடுக்கப் போகும் டீச்சர் எல்லோரும் அவன் மூன்று வயதில் எந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று விலக்கி வைக்கப்பட்டானோ அந்தப் பிள்ளைகள்தான். ஒரு பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் டிபன் பாக்ஸில் இன்னொருவர் கைவிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி அறிந்திருக்க வேண்டிய மனிதர்களை, அவன் இருபத்தைந்து வயதில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் முதல்முறையாகச் சந்திக்கிறான். இருவருக்கும் பேசத் தெரிவதில்லை. அவனுக்கு நாம் எவ்வளவு நல்ல பள்ளியைத் தேடிக் கொடுத்தாலும், அந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்களோ அப்படிப்பட்ட ஊரில்தான் அவன் வாழ்ந்தாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே டி.சி.யை மாற்றிக்கொண்டு வருவார்கள் என்று நான் நம்பவில்லை. காலை ஷிப்டுக்கு ஓடும் தாயிடம் அப்படிக் கேட்பதும் நியாயமில்லை. ஆனால் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கும் அந்த ஊர்ப் பள்ளியோடு உறவு அறுந்துவிடவில்லை. கிராம சபை வருஷத்தில் பல முறை கூடுகிறது. அதில் ஒன்று மே முதல் தேதி, அட்மிஷன் பேச்சு ஊரெல்லாம் சூடாக இருக்கும் நேரம். நம் தொடக்கப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளை குறைந்தால் ஒருவர் போய்விடுவார், கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, மதில் எப்போது எழும்பும் என்று அங்கே எழுந்து கேட்க அந்த ஊரின் எந்த வாக்காளருக்கும் உரிமை இருக்கிறது. அப்படிக் கேட்பதற்கு அவருடைய பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.